ஃபேவர் லூபா 'பாத்தி'யும் ஓசூர் சிப்காட்டும்

அறுபதுகள்ல கல்யாணம் ஆன தாத்தா யாராவது வீட்டுல இருந்தா, அவரோட பீரோவை ஒரு தடவை குடைஞ்சு பாருங்க. ஹெச்எம்டி சிக்கலைன்னா ஃபேவர் லூபா சிக்கும். டயல்ல 'சீ கிங்', 'சீ சீஃப்'னு எழுதியிருக்கும். பேர்தான் கடல் ராஜா... மத்தபடி தினம் சாவி கொடுக்குற சாதா வாட்ச். அதைக் கட்டிக்கிட்டு எங்க பழவேற்காடு ஏரியில குதிச்சா, வாட்ச் ஏரிக்கே சொந்தம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். இதே கம்பெனி நிஜமாவே ஒரு கடல் வாட்ச் பண்ணுச்சு. அந்தக் கதை தமிழ்நாடு வரைக்கும் வருது.

ஃபேவர் குடும்பம் சுவிட்சர்லாந்தில் லெ லோக்ல் என்கிற ஊர்ல 1737-லயே கடிகாரத் தொழில்ல இருந்தது. 1865-ல பம்பாய்க்கு வந்துட்டாங்க. நம்ம ஆளுங்களுக்கு சுவிஸ் வாட்ச்னாலே இதுதான்னு ஆனது அப்படித்தான். அப்புறம் 1957-58 அந்நியச் செலாவணி நெருக்கடி, இறக்குமதிக் கெடுபிடி. 1961-ல சிட்டிசன் கூட்டோட பெங்களூர்ல ஹெச்எம்டி வாட்ச் வந்தது. வெளிநாட்டு வாட்ச் வேணும்னா சிங்கப்பூர்ல இருந்து மாமா வரணும், இல்லைன்னா பர்மா பஜார்.

அந்தப் பக்கம், 1953-ல பிளாங்பைன் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்', அதை ஒட்டியே ரோலெக்ஸ் 'சப்மரைனர்'னு முக்குளிக்கிறவங்களுக்கான வாட்ச் வர ஆரம்பிச்சது. ஓரத்துல இருக்குற வளையத்தைத் திருப்பி நிமிஷ முள்ளுக்கு நேரா வெச்சிட்டா, தண்ணிக்குள்ள எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு தெரியும். எவ்வளவு ஆழம்னு தெரியாது. அதுக்குத் தனியா ஒரு மீட்டர் கட்டிக்கணும்.

அறுபதுகளின் பிற்பகுதியில ஃபேவர் லூபா விட்டதுதான் 'பாத்தி'. கீரைப் பாத்தி இல்லீங்க, கிரேக்கத்துல ஆழம்னு அர்த்தம் வர்ற சொல். வாட்ச்சோட பின்மூடியில ஓட்டை இருக்கும். ஆமா, தண்ணி உள்ள வரணும்னே போட்ட ஓட்டை! உள்ள ஒரு மெல்லிய உலோகச் சவ்வு. 10 மீட்டர் இறங்கினா ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், சவ்வு அமுங்கும், அந்த அசைவு ஆழத்தைக் காட்டுற முள்ளைத் தள்ளும். அதிகபட்சம் 50 மீட்டர். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது புரியாம போகாது, நம்ம பைப்லைன்ல தொங்குற டயஃப்ரம் பிரஷர் கேஜ்தான். அதை மணிக்கட்டுல அடக்கினதுதான் வித்தை.

இப்ப ஓசூருக்கு வாங்க. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல தொடங்கின டைட்டன், நம்ம சிப்காட் மாதிரியே ஓசூர் சிப்காட்ல இருக்கு. 2011-ல ஃபேவர் லூபா பேரையே டைட்டன் வாங்கிடுச்சு. பழைய பாத்தியோட வாரிசா, 120 மீட்டர் வரைக்கும் ஆழம் காட்டுற 'ரெய்டர் பாத்தி'யும் வந்தது. ஆனா 2023-ல அந்தப் பேர் எத்தோஸ் குழுமத்துக்குக் கைமாறிடுச்சு. பன்னெண்டு வருஷம் உலகத்தோட முக்கியமான ஒரு முக்குளிப்பு வாட்ச் பேர் ஓசூர்க்காரங்க கையில இருந்தது, நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

சேகரிக்கிறவங்களுக்கு என்னை உறுத்துற ஒரு விஷயம். 'பம்பாய் ஸ்பெஷல்'னு ஒண்ணு இணையத்துல கொட்டிக் கிடக்கு. பழைய ஃபேவர் லூபா டயலைச் சுரண்டி, ஆரஞ்சுலயும் பச்சையிலயும் புதுசா பெயிண்ட் அடிச்சு, உள்ள வேற ஏதோ மெஷினை வெச்சு விக்கிறாங்க. பளபளன்னு இருக்கும். ஆனா அறுபது வருஷமா அந்த டயல் சொல்லிட்டிருந்த ஊர், காலம், மாடல் எல்லாம் போச்சு. என்னைக் கேட்டா, மெஷினைப் பிரிச்சுக் கழுவி ஆயில் விடுங்க, விறைச்சுப் போன ரப்பர் வாஷரை மாத்துங்க, கண்ணாடி மாத்துங்க. டயல்ல கறை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பாத்தியா இருந்தா சவ்வுல கை வைக்காதீங்க. உப்பு அரிச்சு ஓட்டையாயிட்டா மாத்து சவ்வு கிடைக்கிறது குதிரைக்கொம்பு.

டிஸ்கி: எவ்வளவு நல்லா சர்வீஸ் பண்ணினாலும், பிரஷர் டெஸ்ட் பண்ணாம பழைய வாட்ச்சைத் தண்ணிக்குள்ள கொண்டுபோகாதீங்க. ஐம்பதுகளோட வாட்ச்ல இருட்டுல மினுக்குற பூச்சு பெரும்பாலும் ரேடியம். மினுக்கல் எப்பவோ செத்திருக்கும், கதிர்வீச்சு சாகாது. பாதியாகவே 1600 வருஷம் ஆகும். அந்தப் பொடியைச் சுரண்டுறது, ஊதுறது ரெண்டும் வேண்டாம்.