பனிக்களம் – 11: எட்டு ஆட்டங்களே மிச்சம்

2000 மார்ச் 23. நியூ ஜெர்சி டெவில்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ஜெனரல் மேனேஜர் லூ லாமொரெல்லோ, தலைமைப் பயிற்சியாளர் ராபி ஃப்டோரெக்கை வீட்டுக்கு அனுப்பியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். 74 ஆட்டங்களில் 41 வெற்றி பெற்ற அணி அது. கடைசிச் சில வாரங்களில் தடுமாறியது உண்மைதான். ஆனாலும் சீசன் முடிய எட்டே ஆட்டங்கள் இருக்கும்போது யாராவது பயிற்சியாளரை மாற்றுவார்களா? லாமொரெல்லோ மாற்றினார். அந்த நாற்காலியில் அவர் உட்காரவைத்தது வெளியாள் இல்லை. அதே அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த லாரி ராபின்சன்.

உயரம் 6 அடி 4 அங்குலம். எடை ஏறக்குறைய 100 கிலோ. சுருள் முடி, தடித்த மீசை. களத்துக்கு வெளியே குரல் உயர்த்தாத மனிதர். அந்தக் கடைசி வர்ணனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மார்வல்வில் என்ற சிற்றூர். அங்கே ஒரு பால் பண்ணையில் வளர்ந்தவர் ராபின்சன். 1971-ல் மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணி அவரை எடுத்தது. அந்த வருடத் தேர்வு வரிசையில் அவருக்கு 20-வது இடம்தான். அவரது வேலை தடுப்பாட்டம். ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டு பேர் நிற்பார்கள். எதிரணியின் முன்கள வீரர் பக் என்கிற ரப்பர் வட்டோடு பாய்ந்து வரும்போது, அவர் வழியை மறிக்க வேண்டும். தேவைப்பட்டால் தோளால் இடித்துச் சுற்றுப் பலகையோடு அழுத்த வேண்டும்.

அந்த இடி எப்படி இருக்கும் என்பதை 1976 மே மாதம் மான்ட்ரியால் ஃபோரம் அரங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள். லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று, இரண்டாவது ஆட்டம். எதிரே பிலடெல்பியா ஃப்ளையர்ஸ். 1974, 1975 என இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பையைத் தூக்கியவர்கள். எதிராளியை அடித்து, மிரட்டி, அலறவைத்து ஜெயிப்பதுதான் அவர்கள் பாணி. அந்த அணியின் கேரி டோர்ன்ஹோஃபர் ஓரமாகப் பக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். 24 வயது ராபின்சன் குறுக்கே வந்து ஒரே இடி. டோர்ன்ஹோஃபர் பலகையில் போய் மோதினார். பலகை உள்வாங்கிவிட்டது! ஆட்டத்தை நிறுத்தி, சுத்தியலும் கையுமாக ஆட்கள் வந்து, அடித்து நிமிர்த்திய பிறகுதான் தொடர முடிந்தது. ஃப்ளையர்ஸ் அந்தத் தொடரை 0-4 என்று இழந்தது. மிரட்டியே பழகியவர்களுக்கு அன்று மிரட்டல் திரும்பி வந்தது.

இடிப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது அவர் அணி கோல் போட்டால் அவர் கணக்கில் ஒன்று கூடும். வாங்கினால் ஒன்று குறையும். ஆள் குறைந்த அணிக்கு எதிராகப் போடும் கோல்கள் இதில் சேராது. 1976-77 சீசன் முடிவில் ராபின்சன் கணக்கு கூட்டல் 120. கூட்டல் 20, 30 வந்தாலே நல்ல வீரர் என்பார்கள். ஒரே சீசனில் இதைத் தாண்டியவர் பாபி ஓர் ஒருவர்தான். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது ராபின்சனுக்கு இரண்டு முறை. மான்ட்ரியாலுடன் ஆறு ஸ்டான்லி கோப்பைகள். ஆடிய 20 சீசன்களிலும் கோப்பைக்கான ப்ளே-ஆஃப் சுற்றுகளில் அவர் அணி இருந்தது. ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

1992-ல் ஓய்வு பெற்றார். அடுத்த வருடமே டெவில்ஸில் உதவிப் பயிற்சியாளர். தடுப்பாட்டக்காரர்களைப் பழக்குவது அவர் பொறுப்பு. ஸ்காட் ஸ்டீவன்ஸ், ஸ்காட் நீடர்மேயர் எல்லாம் அவர் கையில் மெருகேறியவர்கள். 1995-ல் டெவில்ஸ் முதல்முறையாகக் கோப்பையை வென்றது. லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் உடனே அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது.

அங்கேதான் விழுந்தார். முதல் சீசனிலேயே அணியின் நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி வேறு அணிக்கு மாற்றப்பட்டார். நான்கு வருடத்தில் 122 வெற்றி, 161 தோல்வி. ப்ளே-ஆஃப் ஒரே ஒருமுறை, அதுவும் முதல் சுற்றிலேயே நான்குக்கு நான்கும் தோல்வி. 1999-ல் வேலை போயிற்று. தோல்வியை மனதோடு வீட்டுக்குத் தூக்கிச் செல்கிற ஆள் அவர். பிற்பாடு 2005-ல் அதுவே அவர் உடம்பைக் கெடுத்து, பொறுப்பை உதறவைத்தது. அந்தக் கதையைப் பிறகு பார்ப்போம். நியூ ஜெர்சிக்கு மறுபடி உதவியாளராகத் திரும்பிய அவருக்கு, ஒரு வருடத்துக்குள் மீண்டும் அதே தலைமைப் பொறுப்பு.

எட்டு ஆட்டங்களில் நான்கு வெற்றி, நான்கு தோல்வி. பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஆனால் ப்ளே-ஆஃப் தொடங்கியதும் அணி வேறு மாதிரி ஆடியது. புளோரிடாவை 4-0 என்று துடைத்தது. டொரான்டோவை ஆறாவது ஆட்டத்தில் வெளியேற்றியபோது, எதிரணியை ஆட்டம் முழுவதும் ஆறே ஆறு முறைதான் கோலை நோக்கிப் பக்கை அடிக்கவிட்டது. அறுபது நிமிடத்தில் ஆறு! தடுப்பாட்டக்காரர் ஒருவர் பயிற்சியாளரானால் அணி எப்படி ஆடும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

அடுத்து எதிரே வந்தது அதே பிலடெல்பியா ஃப்ளையர்ஸ்.

முதல் ஆட்டம் டெவில்ஸுக்கு. அடுத்த மூன்றும் ஃப்ளையர்ஸுக்கு. நான்காவதைச் சொந்த அரங்கத்தில், சொந்த ரசிகர்கள் முன்னால் இழந்தார்கள். 1-3. இன்னொரு தோல்வி வந்தால் சீசனே முடிந்தது. லீக் வரலாற்றில் அரையிறுதிச் சுற்றில் 1-3-லிருந்து மீண்டு வந்த அணி அதுவரை ஒன்றுகூட இல்லை.

வீரர்கள் அறையில் ராபின்சன் வெடித்தார். குப்பைத் தொட்டியை எட்டி உதைத்தார். தொண்டை கிழியக் கத்தினார். உட்கார்ந்திருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். அவர்களுக்குத் தெரிந்த லாரி தோளில் கை போட்டுப் பேசுகிறவர். தினமும் கத்துகிற பயிற்சியாளர் கத்தினால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இவர் கத்தியது உறைத்தது. இந்தத் தொடரைத் திருப்பியது அந்தச் சில நிமிடங்கள்தான் என்பது என் கணிப்பு.

ஐந்தாவது ஆட்டம், எதிரியின் கோட்டையில், 4-1. ஆறாவது 2-1. மே 26, ஏழாவது ஆட்டம், மறுபடி பிலடெல்பியாவில். முதல் பகுதியில் ஃப்ளையர்ஸின் எரிக் லிண்ட்ராஸ் தலையைக் குனிந்தபடி பக்கோடு உள்ளே வந்தார். டெவில்ஸ் கேப்டன் ஸ்டீவன்ஸின் தோள் அவரைச் சாய்த்தது. மூளை அதிர்ச்சியிலிருந்து மீண்டு அப்போதுதான் ஆட வந்திருந்தவர் லிண்ட்ராஸ். அதன்பின் ஃப்ளையர்ஸ் சட்டையில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அன்றைய விதிப்படி அது சரியான இடி. பக்கவாட்டில் வந்து தலையில் இடிப்பதற்கான தடை 2010-ல்தான் வந்தது. பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய விதி அது.

ஆட்டம் 1-1. முடிய இரண்டரை நிமிடம் இருக்கையில் பாட்ரிக் எலியாஷ் கோல் அடித்தார். 2-1. டெவில்ஸ் இறுதிச் சுற்றில்!

அங்கே காத்திருந்தது நடப்புச் சாம்பியன் டல்லஸ் ஸ்டார்ஸ். டெவில்ஸ் 3-1 என்று முன்னேறியது. ஐந்தாவது ஆட்டத்தை மூன்றாவது கூடுதல் நேரத்தில் 0-1 என்று பறிகொடுத்தது. பழைய 1-3 கதை இப்போது டெவில்ஸுக்கே திரும்பிவிடுமோ?

ஜூன் 10, டல்லஸ். ஆறாவது ஆட்டம். முதல் பகுதியிலேயே டெரியன் ஹாட்சர் இடித்த இடியில் பெட்ர் சிகோரா பனித்தரையில் சாய்ந்தார். எலியாஷ், ஜேசன் ஆர்னட், சிகோரா மூவரும் சேர்ந்ததுதான் டெவில்ஸின் முதன்மைத் தாக்குதல் வரிசை. சிகோராவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

அறுபது நிமிடம் முடிந்தது: 1-1. கூடுதல் நேரம் இருபது நிமிடம்: கோல் இல்லை. இரண்டாவது கூடுதல் நேரம் தொடங்கியது. டெவில்ஸ் அடித்தால் கோப்பை. டல்லஸ் அடித்தால் ஏழாவது ஆட்டம்.

மருத்துவமனையில் படுத்திருந்த சிகோராவின் ஜெர்சியை அந்த இரவு பனித்தரையில் வேறொருவர் அணிந்திருந்தார். ஆனால் அவர் ஆட்டக்காரர் இல்லை. யார், ஏன் என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)