எட்டாம் வேற்றுமை இல்லாத பெயர்

ஆம்பூரில் எங்கள் ஆயாவுக்கு உயிர்ச் சிநேகிதி பக்கத்து வீட்டு அம்மாள்தான். பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து கரும்பு போகும். நோன்பு மாதத்தில் அங்கிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி வரும். அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஆயா வாயில் வருவது "துலுக்க வீடு" என்ற சொல். "துலுக்க வீட்ல போய் அரிவாமணை வாங்கிட்டு வா" என்பார். அதில் ஒரு துளி வெறுப்பு இருந்ததில்லை என்பதற்கு நான் சாட்சி.

கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்த அந்த வீட்டுப் பெண் ஒருநாள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஆயாவின் உள்ளங்கையில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். கையை விடாமல், தலை நிமிராமல் சொன்னாள்: "ஆயா, எங்கள துலுக்கருன்னு சொல்லாதீங்க. கேக்க ஒரு மாதிரியா இருக்கு."

ஆயா திகைத்துப் போனார். "நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே கண்ணு. எங்க காலத்துல அப்பிடித்தான் சொல்லுவோம். வேற என்னான்னு சொல்றது?"

"பேரச் சொல்லுங்க ஆயா. பேரு இருக்குதில்ல?"

ஆயா சொன்னதும் பொய்யில்லை, அந்தப் பெண்ணுக்கு வலித்ததும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன என்ற கேள்வி என்னை விடவில்லை. அந்தச் சொல் நடந்து வந்த வழியைத் தேடிப் போனேன்.

பிறந்த இடம் மத்திய ஆசியா. துருக் என்பது அங்கே ஓர் இனத்தின் பெயர். வடமொழியில் அது துருஷ்கர் ஆயிற்று. 12ஆம் நூற்றாண்டில் ராஜதரங்கிணி எழுதிய காஷ்மீரத்துக் கல்ஹணர், கனிஷ்கர் முதலான அரசர்களைத் துருஷ்க வழியினர் என்கிறார். அவர்கள் பௌத்த விகாரைகள் கட்டியவர்கள், இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முந்தியவர்கள். அதாவது அந்தச் சொல் பிறக்கும்போது ஒரு மதத்தின் பெயர் இல்லை. தமிழுக்கு வந்து துருக்கர் ஆகி, நாக்குக்கு வசதியாகத் துலுக்கர் ஆனது. 1311இல் டெல்லிப் படை மதுரை வரை வந்தது. அதை நடத்தி வந்த மாலிக் கபூர் குஜராத்தில் பிடிபட்டு அடிமையாக டெல்லிக்குக் கொண்டுபோகப்பட்டவர். அவரும் துருக்கியர் இல்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தைத் துலுக்கர் காலம் என்றே பின்வந்த கல்வெட்டுகள் குறிக்கின்றன. வேலூருக்குத் தெற்கே படைவீட்டில் இருந்த சம்புவராயரை அடக்கிவிட்டு மதுரைக்குப் போன விஜயநகரத்துக் குமார கம்பணரின் வெற்றியும் துலுக்கரை வென்றதாகவே எழுதப்பட்டது.

படையோடு வந்த சொல் படையோடு போய்விடவில்லை, ஊருக்குள் குடியேறிக்கொண்டது. திருவரங்கத்தில் பெருமாள்மேல் காதல்கொண்டு வந்த சுல்தான் மகளுக்குத் துலுக்க நாச்சியார் என்று பெயர். விக்கிரகம் இல்லாமல் சுவரில் ஓவியமாக இருக்கிறாள். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டி நைவேத்தியம், லுங்கி உடுப்பு. எங்கள் வட ஆற்காட்டிலும் சென்னைப் பக்கமும் துலுக்காணத்தம்மன் கோயில்கள் உண்டு. அந்த அம்மன் பெயரைப் பிள்ளைக்கு வைத்து, துலுக்காணம் என்று வாய் நிறையக் கூப்பிட்ட இந்துக் குடும்பங்கள் எத்தனையோ. மெக்சிகோவிலிருந்து கடல் தாண்டி வந்த செண்டுப்பூவுக்குத் துலுக்கச் சாமந்தி என்று பெயர் வைத்தோம். அங்கே அந்தச் சொல்லுக்கு அந்நிய மண்ணிலிருந்து வந்தது என்பதற்கு மேல் பொருளில்லை. விருதுநகர் பக்கம் ரயில் நிலையமே துலுக்கப்பட்டி. 'முரசு' பாட்டில் பாரதி துருக்கர் என்று எழுதியபோது அவர் மனதில் பகை இல்லை. எல்லோரும் ஒன்று என்று சொல்லத்தான் அந்தச் சொல்லை எடுத்தார்.

ஆம்பூருக்கே வருவோம். 1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி இந்த ஊர் வெளியில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் போரில் விழுந்தார். அவர் அவத் சீமையின் கோபாமாவில் பிறந்தவர். எதிரில் நின்ற சந்தா சாகிப், அதற்கு முன் ஆற்காட்டை ஆண்ட நவாயத்துக் குடும்பத்து மருமகன். நவாயத்து என்றால் புதிதாக வந்தவர் என்பது பரவலான விளக்கம், அதுவும் யாரோ வைத்த பட்டப்பெயர்தான். சந்தா சாகிபோடு முசாபர் ஜங்கின் தக்காணப் படை, பிரெஞ்சுக்காரர்களின் துப்பாக்கிகள். கேழ்வரகுக் கொல்லையில் நின்று பார்த்த நம்மூர்க்காரனுக்கு இவ்வளவு பிரிவும் வேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கமும் துலுக்கர், அந்தப் பக்கமும் துலுக்கர், கூடவே பறங்கி. பறங்கி என்பதும் இப்படித்தான்: பிராங்க் என்ற ஓர் இனத்தின் பெயரை அரபிகளும் பாரசீகரும் ஐரோப்பியர் அத்தனை பேருக்கும் போர்த்தினார்கள். நாம் அதை வாங்கிக் காய்க்கு வைத்தோம், மலைக்கு வைத்தோம், நோய்க்கும் வைத்தோம்.

அடுத்தவன் பெயர் தன் தலையில் ஏறிவிடுமோ என்ற அச்சத்தின் வலிமையை வேலூர்க் கோட்டை பார்த்திருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணங்களில் ஒன்று புதுத் தலைப்பாகை. அது பார்க்கத் தொப்பிபோல இருந்தது, முன்பக்கம் தோலால் செய்த சின்னம் வேறு. தொப்பிக்காரன் என்பது அன்று வெள்ளைக்காரனின் பட்டப்பெயர். அதைத் தலையில் வைத்தால் மதமும் உறவும் போய்விடும் என்று இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே அஞ்சினார்கள்.

இனி மற்றொரு பெயர். துலுக்கருக்கு நேர் எதிர்த் திசையில் நடந்து வந்த பெயர்: லப்பை. தெற்கே லெப்பை.

ஹஜ் பயணிகள் மக்காவில் எழுப்பும் முழக்கம் லப்பைக், 'இதோ வந்தேன்' என்று பொருள். மார்க் வில்க்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் 1810இல் வெளியிட்ட தென்னிந்திய வரலாற்று நூலில் ஒரு கதையைப் பதிந்திருக்கிறார். லப்பைகள் தங்கள் வீட்டு அடிமைகளின் வழிவந்தவர்கள் என்றும், எஜமான் கூப்பிட்டால் 'லப்பைக்' என்று ஓடிவந்ததால் அந்தப் பெயர் என்றும் நவாயத்துகள் சொன்னார்களாம். லப்பைகள் அதை ஏற்கவில்லை. இருவரும் ஒரே மூதாதையர் வழிதான், இந்த மண்ணில் பெண் எடுத்ததால் எங்கள் நிறம் கறுத்தது, அவ்வளவுதான் என்றார்கள். கதை உண்மையா என்பதல்ல விஷயம். அந்தப் பெயரை ஏளனமாகச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள், அந்த ஏளனத்துக்கு ஒரு கதையும் கட்டியிருந்தார்கள். நிறத்தைச் சொல்லிச் சீண்டியது, அடிமை என்று சொல்லிக் குத்தியது எல்லாம் அதற்குள் இருந்தது.

அந்தப் பெயர் பிறகு என்ன ஆயிற்று? இலங்கையில் 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதிய கண்டிச் சீர்திருத்தவாதியின் பெயர் சித்தி லெப்பை. குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுப்பவரை லெப்பை என்று மரியாதையாக அழைத்த ஊர்கள் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தில் லெப்பைக்குடிக்காடு என்று ஊரே இருக்கிறது. எங்கள் பாலாற்றங்கரையில் லப்பை வணிகர்கள் தோலில் இறங்கினார்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதமான ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னைப் பெரியமேட்டு மண்டி வழியாக லண்டன் சந்தைக்குப் போயின. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று ஊர்கள் வளர்ந்தன. பள்ளிவாசல் கட்டியவர்கள் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் வந்தது. தெற்கத்தி லெப்பைக்கு வீட்டுமொழி தமிழ், இங்கே பல வீடுகளில் உருது. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலைப் பாருங்கள். 2007இல் 3.5 சதவீத ஒதுக்கீடு பெற்ற 7 பிரிவுகளில் ஒன்று ராவுத்தரும் மரைக்காயரும் அடங்கிய லப்பை. பேசும் மொழி தமிழானாலும் உருதானாலும் சரி என்ற விளக்கம் அதற்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அடிமைக் கதை சொல்லிக் குத்திய பெயர் அரசாணைக்குள் உரிமையாகப் போய் உட்கார்ந்தது. காரணம், அந்த மக்கள் அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். துலுக்கர் என்ற சொல் அந்த 7 பெயர்களில் எதிலும் இல்லை. எந்த முஸ்லிமும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டு மனுக் கொடுத்ததாக நான் கேட்டதில்லை.

நம் இலக்கணம் இதற்கு ஒரு நல்ல உரைகல் வைத்திருக்கிறது. எட்டாம் வேற்றுமை, அதாவது விளி. ஆளை நேரே பார்த்துக் கூப்பிடுவது. "வாங்க பாய்" என்று சொல்லலாம், நாள் முழுக்கச் சொல்கிறோம். "வாங்க லெப்பை" என்றும் சொல்லியிருக்கிறார்கள். "வாங்க துலுக்கரே" என்று யாராவது யாரையாவது வரவேற்று நான் கேட்டதில்லை. எங்கள் ஆயாவும் சிநேகிதியின் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. என்னிடம்தான் சொன்னார். ஆள் இல்லாதபோது மட்டுமே புழங்கும் சொல் அது. முகத்துக்கு நேரே அது வந்தால் 'அன்' விகுதியோடு, அடிக்கிற கையோடுதான் வந்தது. பிரிவினைக்குப் பிறகு வந்தது. 1992இல் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகும், 1998இல் கோவையில் குண்டுகள் வெடித்த பிறகும் மேடையிலும் தெருவிலும் இன்னும் வலுத்து வந்தது. திண்ணையில் மருதாணி வைத்த பெண் வளர்ந்தது அந்த ஆண்டுகளில்தான்.

தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். மேஜைமேல் தோலை விரித்து உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால்வரை ஒரே இழுப்பாகத் தடவுவார். கை ஓரிடத்தில் நிற்கும். அங்கே மாடு உயிரோடு இருந்தபோது போட்ட சூட்டுத் தழும்பு. சாயம் ஏற்றினாலும் மெருகு போட்டாலும் அது மேலே வந்துவிடும். அந்தத் தோல் அடுத்த அடுக்குக்குப் போகும். சூடு போட்டவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. மாட்டுக்கு நோய் தீரட்டும் என்று வைத்தியமாகவே போட்டிருப்பான். எங்கள் ஆயாவை நினைக்கும்போதெல்லாம் அந்த மேஜை நினைவுக்கு வரும்.

பாய் பற்றியும் ஒரு வார்த்தை. உருதில் அண்ணன் தம்பி என்று பொருள். பாய் கடை, பாய் வீட்டுப் பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கோடு ஆம்பூரே மணக்கும். இது அன்பான சொல்தான், நானும் சொல்கிறேன். ஆனால் ஒருவர் பேராசிரியராக, வக்கீலாக வந்து நின்ற பிறகும் அவருக்குப் பெயரே இல்லாததுபோல "அந்தப் பாய்" என்று சுட்டும்போது அன்பு கொஞ்சம் வற்றிவிடுகிறது. கடல் கடந்த நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மலேசியாவில் தமிழ் முஸ்லிமின் சாப்பாட்டுக் கடைக்கு மாமாக் கடை என்று பெயர், நம் 'மாமா'விலிருந்து பிறந்தது. உறவாகப் பிறந்த அந்தச் சொல் இன்று சொல்கிற தொனியைப் பொறுத்து இனிக்கவும் செய்கிறது, குத்தவும் செய்கிறது. கலிங்கத்திலிருந்து வந்த கிளிங் என்ற சொல்லோ துலுக்கரின் உடன்பிறப்பு. ஒரு நாட்டின் பெயர் இந்தியர் அத்தனை பேருக்கும் போர்த்தப்பட்டது. பினாங்கில் 1801 வாக்கில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்தான். அதே சொல்லை அங்கே ஒரு தமிழர் முகத்தில் வீசினால் சண்டை வரும். பழைய பலகையில் பெயர் இருக்கிறதே என்று அவரிடம் வாதாட முடியுமா? இங்கே அம்மன் பெயரிலேயே இருக்கிறதே என்று நாம் வாதாடுவதும் அப்படிப்பட்டதுதான்.

சொன்னவர் மனம் நல்லது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் தீர்ப்புச் சொல்லும் உரிமை கூப்பிடப்பட்டவருக்குத்தான். ஆயா அன்றைக்கே அதைப் புரிந்துகொண்டார். மருதாணி காய்ந்து உதிர்வதற்குள் அந்தப் பெண்ணின் பெயரை இரண்டு முறை சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். பிறகு அந்த வீடு அவள் வீடுதான்.

இப்போது எங்கள் ஊரில் புதுச் சொல் ஒன்று நடக்கத் தொடங்கியிருக்கிறது: வடக்கன். 2024இல் ஒரு தமிழ்ப் படத்துக்கு அந்தப் பெயரை வைக்கத் தணிக்கை வாரியம் ஒப்பவில்லை, படம் 'ரயில்' என்ற பெயரில் வெளியானது. படத்தின் பெயரை மாற்றலாம், தெருவின் வாயை யார் மாற்றுவது? இதற்கும் எட்டாம் வேற்றுமை இல்லை. ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் நம்மூர்ப் பெண்கள். ஈரத்தோலைத் தூக்கும் தோல் ஷாப்புகளிலோ பீகாரிகளும் வங்காளிகளும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பெயர்.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வரைபடத்தில் மேற்கு வங்கம் நாட்டின் கிழக்கே இருக்கிறது. அவர்கள் வடக்கர்கள்கூட இல்லை.

உங்கள் தெருவில் அப்படி ஒருவர் தங்கியிருந்தால், நாளைக்குக் காலையில் அவர் பெயரைக் கேளுங்கள்.