உள்ளே என்ன இருக்கு? – நம்ம கரையோரத்தில் தீயணைப்புப் பயிற்சி வந்த கதை

“அவன் சரியான எம்டன்டி” என்று நம்ம வீட்டு ஆயாக்கள் சொல்லி நீங்களும் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஆள் இல்லை, ஜெர்மனிக்காரனின் போர்க்கப்பல். முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் அது நம்ம துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டுவிட்டு இருட்டில் மறைந்துவிட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டே ஓடினார்கள். கப்பல் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பெயர் மட்டும் நம்ம வாயில் நிற்கிறது.

அன்றைக்கு சென்னை நகரத் தீயணைப்புப் படைக்கு வயது ஆறுதான். 1908ல்தான் அது ஏற்பட்டது. அதற்கு 22 வருஷம் முன்பே, 1886 டிசம்பர் 31 அன்று, சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். முதலில் சாவு, அப்புறம்தான் ஏற்பாடு. இந்தக் கதை முழுக்க அந்த வரிசையைத்தான் பார்க்கப் போகிறோம்.

தீயணைக்கிறவருக்குப் பயிற்சி வேண்டும் என்பதே பழைய யோசனை இல்லை. ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவில் 1824ல் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவர்தான் முறையான நகரப் படையை அமைத்தார். அவர் ஆள் எடுத்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கொத்தனார், தச்சர், கூரை வேய்கிறவர், குழாய் வேலை செய்கிறவர் என்று பார்த்து எடுத்தார். கட்டடம் எப்படி நிற்கும், எப்படி விழும் என்று தெரிந்தவர்கள் இவர்கள்தானே? அவர்களை விடியற்காலை இருட்டில் கூட்டிப் போய்ப் பழக்கினார். பின்னாளில் லண்டன் படைக்குக் கடலோடிகளைத் தேடி எடுத்தார்கள். கயிறு ஏறுவது, முடிச்சுப் போடுவது, உத்தரவு கேட்டவுடன் ஓடுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. இன்றைக்கும் புதிதாகச் சேருகிறவருக்குச் சொல்லித் தருவதில் முடிச்சு உண்டு. காசிமேட்டில் வலை பின்னுகிற வீட்டில் பிறந்த பிள்ளை அந்தப் பாடத்தில் தோற்காது.

அடுத்து இரண்டாம் உலகப்போர். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று சென்னையே காலியானது. பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலையில், கூண்டு உடைந்து ஊருக்குள் வந்துவிடும் என்று புலி, சிங்கங்களைச் சுட்டே கொன்றார்கள். பாவம், அதுகளுக்கு என்ன தெரியும். அந்தக் காலத்தில்தான் சாதாரண ஜனங்களுக்கும் முதல் தடவையாகப் பயிற்சி வந்தது. விமானத் தாக்குதல் காப்புப் படை என்று தொண்டர்களைச் சேர்த்தார்கள். பெட்ரோல் பங்கில் சிவப்பு வாளியில் மணல் தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? சில வாளிகளுக்கு அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். கீழே வைத்தால் நிற்காது. வீட்டு வேலைக்கு யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாதே, அதற்காகத்தான்!

இந்தியாவில் தீயணைப்புத் தொழிலையே புரட்டிப் போட்டது பம்பாய் துறைமுகம். 1944 ஏப்ரல் 14 அன்று ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பலில் பஞ்சுப் பொதியில் தீ. அதே கப்பலில் சுமார் 1,400 டன் வெடிமருந்தும் இருந்தது. ஆபத்தான சரக்கு இருந்தால் ஏற்ற வேண்டிய சிவப்புக் கொடியை அந்தக் கப்பல் ஏற்றவில்லை. தீயணைப்பு வீரர்கள் மேல்தளத்தில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மாலை 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது, அரைமணி நேரத்துக்குள் இன்னொரு தடவை. வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள். சுற்றுப்புறத்தில் இறந்த ஜனங்கள் நூற்றுக்கணக்கில். அதனால்தான் ஏப்ரல் 14 தேசிய தீயணைப்பு சேவை நாள். நமக்கு அது சித்திரைப் பிறப்பு, வடையும் பாயசமுமாகப் போய்விடுகிறது.

புதிதாகச் சேருகிறவர் படிக்க வேண்டிய முதல் பாடம் இந்தக் கப்பலில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தண்ணீர் அடிக்கும் முன்னால் கேள்: உள்ளே என்ன இருக்கு? யார் இருக்காங்க?

சுதந்திரத்துக்குப் பிறகு 1956ல் தேசிய தீயணைப்புக் கல்லூரி ஆரம்பித்து, மறு வருஷமே நாக்பூருக்கு மாறியது. அதிகாரிகள் அங்கே படிக்கிறார்கள். நம்ம மாநிலத்துக்குத் தாம்பரத்தில் பயிற்சி மையம் இருக்கிறது. ஹோஸ் பைப்பை உருட்டி விரித்து இணைப்பது, ஏணி தூக்குவது, மயங்கியவரைத் தோளில் போட்டு இறக்குவது, மூச்சுக் கருவி மாட்டிப் புகைக்குள் போவது, முதலுதவி. தூக்கத்தில் எழுப்பினாலும் கை தானாகச் செய்யும் வரைக்கும் திரும்பத் திரும்ப.

இதில் பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். ரொம்ப தாமதம். நாக்பூர் கல்லூரியில் முதல் பெண்ணாக ஹர்ஷினி கன்ஹேக்கர் சேர்ந்ததே 2002ல்தான். தமிழ்நாட்டில் குரூப் 1 தேர்வு எழுதி பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தீயணைப்பு அதிகாரிகளாக வந்தார்கள். 2012 ஜனவரி, பொங்கல் விடுமுறை சமயம், சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் கலச மகால் எரிந்தபோது பிரியா உள்ளே போனார். கட்டடம் இடிந்து விழுந்து ஒரு வீரர் இறந்தார். தீக்காயத்தோடு தப்பிய பிரியா மறுபடி வேலைக்கு வந்தார். ஆனால் அடிமட்டத் தீயணைப்பாளர் வேலைக்கு நம்ம மாநிலத்தில் சில வருஷம் முன்பு வரை வந்த அறிவிப்புகளில் ‘ஆண்கள் மட்டும்’ என்றே இருந்தது. பக்கத்துக் கேரளத்தில் 2024ல் முதல் பெண்கள் அணி பயிற்சி முடித்து வெளியே வந்துவிட்டது. அதிகாரியாகப் பெண் உத்தரவு போடலாம், பைப்பைப் பிடிக்கக் கூடாது என்றால் அதில் என்ன நியாயம்? எனக்குப் புரியவில்லை.

இனி நம்ம பக்கத்துக்கு வருகிறேன். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ராத்திரி மூடிய பேக்கரியில் தீ. வேடிக்கை பார்க்கவும் செல்போனில் படம் பிடிக்கவும் கூட்டம் நெருக்கி நின்றது. உள்ளே இருந்த சிலிண்டர் வெடித்தது. ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார், நாற்பது பேருக்கும் மேல் காயம். பம்பாயில் கப்பல், இங்கே ஷட்டர் போட்ட கடை. கேள்வி ஒன்றுதான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாயில் கசிவு. நெடி தாங்காமல் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பது பேர் அளவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. ஐஸ் பேக்டரிப் பக்கம் குடியிருக்கிற நமக்கு அந்த நெடி புதிதில்லை. அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே நடந்து விலகி, காற்று வருகிற பக்கம் போக வேண்டும். காற்று போகிற திசையிலேயே ஓடினால் நெடியும் கூடவே வரும்.

சமையல் கேஸ் கதை வேறு. அது காற்றை விடக் கனம், தரையில் தேங்கும். நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் போன் போடணும். வாணலியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள். சேலையில் பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருளணும். எங்க தெருவில் ஒரு அக்காவுக்குக் காலில் சுட்டபோது ஆளாளுக்கு டூத் பேஸ்ட், மாவு என்று ஓடினோம். நானும்தான். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டினாலே போதும், பேஸ்ட் போட்டதை டாக்டர் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அந்த அக்கா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

நமக்கு 108 வந்தது 2008 செப்டம்பர் 15ல். 101ம் இருக்கிறது. ஆனால் நம்ம சந்துக்குள் வண்டி எவ்வளவு தூரம் வரும் என்று உங்களுக்கே தெரியும். வண்டி வர்ற வரைக்கும் உள்ள நிமிஷங்களுக்காகத்தான் அரசாங்கமே முதல்நிலை மீட்பாளர் என்று ஊர்க்காரர்களைப் பழக்குகிறது. சில வருஷம் முன்பு அரசு சொன்ன கணக்கில் மாநிலம் முழுக்க 43,409 பேர், அதில் பெண்கள் 14,232. மத்திய அரசின் ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் 12 நாள் பயிற்சி உண்டு. பத்தாவது, பன்னிரண்டாவது என்று கேட்டு நம்மை ஒதுக்குகிற வேலை இல்லை இது. மாத சந்தா வாங்க வீடு வீடாகப் போகிறோம். எந்த வீட்டில் இரண்டு சிலிண்டர், எந்த மாடியில் படுத்த படுக்கையான தாத்தா, எந்த வீட்டில் எட்டு மாத கர்ப்பிணி, யார் வேலைக்குப் போகும்போது பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள் என்பது வண்டியில் வருகிற வீரருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

எங்க குழுவில் ஊக்குநர் அக்கா அதைக் கடன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறார். தனியாக நடக்க முடியாதவர்கள் பெயர், வீட்டு அடையாளம், சாவி யாரிடம் இருக்கு என்று மூன்று கட்டம். நாலு சந்து முடிந்தது, இன்னும் மூன்று சந்து பாக்கி. கோயில் பின்னாடி சந்தில் யாராவது இரண்டு பேர் கூட வந்தால் வர்ற ஞாயிற்றுக்கிழமையே போய்விடலாம்.