இருபது என்ற எண்ணின் விலை: கலிபோர்னியாவின் வகுப்புச் சுருக்க நிதியும் டென்னசி சோதனையும்

1996 ஜூலையில் கலிபோர்னியா ஆளுநர் பீட் வில்சன் கையெழுத்திட்ட சட்டம் அம்மாநிலப் பள்ளி மாவட்டங்களின் முன் ஒரு பேரத்தை வைத்தது. தொடக்க வகுப்புகளில் ஓர் ஆசிரியரிடம் 20 குழந்தைகளுக்கு மேல் விடாதீர்கள். அப்படிச் செய்தால் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 650 டாலர் தருகிறோம். முதலில் ஒன்றாம் வகுப்பைச் சுருக்க வேண்டும், அடுத்து இரண்டாம் வகுப்பை. அதற்குப் பிறகே மழலையர் வகுப்போ மூன்றாம் வகுப்போ. அதுவரை இந்த வகுப்புகளில் சராசரியாக 29 பேர் உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் வந்தபோது பள்ளி திறக்க ஏறத்தாழ ஆறு வாரங்களே மிச்சம். ஆனாலும் மிகப் பெரும்பான்மையான மாவட்டங்கள் முதல் ஆண்டிலேயே சேர்ந்துகொண்டன. அந்த ஓராண்டுக்கு மட்டும் மாநிலம் ஏறத்தாழ 100 கோடி டாலர் ஒதுக்கியது. பின்னர் ஆண்டுச் செலவு 150 கோடியைத் தாண்டியது.

சிறிய வகுப்பு குழந்தைக்கு நல்லதா என்பது ஒரு கேள்வி. சிறிய வகுப்புக்கென்று அரசு கொட்டும் பணம் குழந்தைக்கு நல்லதா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு டென்னசி மாநிலம் பெருமளவு விடை கண்டிருந்தது. அந்த விடையையே இரண்டாவது கேள்விக்கும் விடையாகக் கலிபோர்னியா எடுத்துக்கொண்டது. தவறு எண்ணில் இல்லை, பணம் பிரித்துக் கொடுக்கப்பட்ட கணக்கில் இருக்கிறது என்பது என் வாதம்.

டென்னசியில் நடந்ததைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். கல்வி ஆய்வுகளில் அத்தகைய சோதனை மிக அரிது. லமார் அலெக்சாண்டர் ஆளுநராக இருந்த 1985-இல் தொடங்கிய அச்சோதனைக்கு ‘ஸ்டார்’ என்று பெயர். மாநிலச் சட்டமன்றம் நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 1.2 கோடி டாலர் ஒதுக்கியது. 79 பள்ளிகள் பங்கேற்றன. நான்கு ஆண்டுகளில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இடம்பெற்றார்கள். பள்ளி ஒவ்வொன்றிலும் மூன்று வகை வகுப்புகள் அமைந்தன: 13 முதல் 17 பேர் கொண்ட சிறிய வகுப்பு, 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு, அதே அளவில் முழுநேர உதவியாளர் ஒருவரும் உள்ள வகுப்பு. எந்தக் குழந்தை எதில் சேருவது என்பதைக் குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. ஆசிரியர்களுக்கும் அப்படித்தான். செல்வாக்குள்ள பெற்றோர் தம் பிள்ளையைச் சிறிய வகுப்பில் சேர்த்துவிட்டார்கள், கெட்டிக்கார ஆசிரியர் அங்கே போய்விட்டார் என்றெல்லாம் பின்னால் யாரும் எளிதில் ஐயம் கிளப்ப முடியாதபடி அமைந்த ஏற்பாடு அது. புள்ளியியலாளர் ஃபிரடெரிக் மாஸ்டெல்லர் இச்சோதனையைப் பெரிதும் மதித்து எழுதியதற்குக் காரணமும் அதுவே.

முடிவுகள் வெளிப்படையாகவே சிறிய வகுப்பின் பக்கம் இருந்தன. அங்கே படித்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். கறுப்பினக் குழந்தைகளும் வறிய வீட்டுக் குழந்தைகளும் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பயன்பெற்றார்கள். உதவியாளர் இருந்த வகுப்புகளிலோ சொல்லத்தக்க மாற்றமில்லை. இந்தச் சிறு முடிவு வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் எண்ணம். அறையில் பெரியவர் ஒருவர் கூடுவதும் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் குறைவதும் ஒன்றல்ல என்று அது காட்டுகிறது. பொருளியலாளர் ஆலன் குரூகர் 1999-இல் இத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்தார். சிறிய வகுப்பில் முதல் ஆண்டிலேயே குழந்தையின் இடம் நூற்றுமானத் தரவரிசையில் ஏறத்தாழ 4 புள்ளி உயர்ந்தது, அதன்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 புள்ளி கூடியது என்று கண்டார். 2011-இல் பொருளியலாளர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் அதே குழந்தைகளை வளர்ந்த வயதில் தேடிப் பார்த்தபோது, சிறிய வகுப்பில் படித்தவர்கள் 20 வயதில் கல்லூரியில் இருக்கும் வாய்ப்பு 1.8 விழுக்காட்டுப் புள்ளி அதிகமாக இருந்தது. 27 வயதில் வருமானத்தில் மட்டும் தெளிவான வேறுபாடு தென்படவில்லை.

பொருளியலாளர் எரிக் ஹனுஷெக் போன்றோர் இச்சோதனையைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். சேரும்போது குழந்தைகளுக்குத் தேர்வு வைக்கப்படவில்லை. நான்கு ஆண்டுகளில் பலர் விலகிப் போனார்கள். பெரும்பயன் முதல் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது என்றால் மற்ற ஆண்டுகளுக்கு எதற்குச் செலவு என்பன அவர்கள் எழுப்பிய கேள்விகள். இவற்றில் கடைசிக் கேள்வி வலுவானது. மற்ற இரண்டும் முடிவின் அளவைக் கொஞ்சம் குறைக்கலாம், திசையை மாற்றிவிடாது.

ஸ்டார் சோதனையில் எது மாறியது என்பதை எல்லோரும் பேசுகிறோம். எது மாறவில்லை என்பதே கொள்கை வகுப்போருக்கு முக்கியம். ஒரு வகுப்புநிலையில் குறைந்தது 57 குழந்தைகள் இருந்த பள்ளிகளே சேர்த்துக்கொள்ளப்பட்டன. மூன்று வகை வகுப்பையும் ஒரே பள்ளிக்குள் அமைக்க வேண்டியிருந்ததால் அந்த நிபந்தனை. அதற்கான அறைகளும் அந்தப் பள்ளிகளில் இருந்தன. மாநிலம் முழுவதிலுமாக, ஓர் ஆண்டில் ஒரு வகுப்புநிலைக்கு முந்நூற்றுச் சொச்சம் வகுப்புகளே சோதனைக்குள் வந்தன. அவற்றுக்கு ஆசிரியர் கிடைப்பதில் எந்தத் தட்டுப்பாடும் எழவில்லை. ஆக, ஆசிரியர் தரமும் இடவசதியும் அப்படியே இருக்க, எண்ணிக்கை மட்டும் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கே டென்னசி விடை சொன்னது. ஒரு மாநிலமே ஒரே கோடையில் ஆசிரியர் சந்தைக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்ல அதனால் இயலாது.

கலிபோர்னியா இறங்கியது. 1988-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற 98-ஆம் முன்மொழிவு, மாநில வருவாயில் ஒரு குறைந்தபட்சப் பங்கைப் பள்ளிக் கல்விக்கு உறுதி செய்திருந்தது. 1996-இல் பொருளாதாரம் மீண்டு கருவூலம் நிரம்பியபோது அந்தப் பங்கும் தானாக உயர்ந்தது. அதைப் பொதுநிதியாக மாவட்டங்களிடம் கொடுத்தால் ஊதியப் பேச்சுவார்த்தையில் ஆசிரியர் சங்கங்களிடம் போய்விடும் என்று ஆளுநர் தரப்பு அஞ்சியது. 1994-இன் தேசிய வாசிப்பு மதிப்பீட்டிலோ கலிபோர்னியாவின் நான்காம் வகுப்புக் குழந்தைகள் மாநிலங்களின் கடைசி வரிசையில் நின்றிருந்தார்கள். பெற்றோருக்குப் பிடித்த, ஆசிரியர்களும் மறுக்க முடியாத, கண்ணால் எண்ணிப் பார்க்கக்கூடிய திட்டம் ஒன்று வேண்டியிருந்தது. இப்படித் தோன்றியதாலேயே அது கெட்ட திட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல திட்டங்கள் பலவும் இப்படித்தான் பிறக்கின்றன.

கோளாறு தலைக்கு 650 டாலர் என்ற கணக்கில் இருந்தது. ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் 60 பேர், இரண்டு பிரிவு என்று வைத்துக்கொள்வோம். மூன்று பிரிவாக்கினால் பிரிவுக்கு 20. கிடைக்கும் பணம் 39,000 டாலர், புதிதாக வேண்டிய ஆசிரியர் ஒருவர். இன்னொரு பள்ளியில் 120 பேர், ஏற்கெனவே ஐந்து பிரிவு, பிரிவுக்கு 24. அங்கே ஒரே ஓர் ஆசிரியரைக் கூட்டினால் போதும், பணமோ 78,000 டாலர். மூன்றாவது பள்ளியில் 66 பேர் இரண்டு அறைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பிரிவாக்கினாலும் பிரிவுக்கு 22 வருகிறது, எல்லை தாண்டிவிடுகிறது. நான்கு பிரிவு வேண்டும். இரண்டு ஆசிரியர்களுக்கும் சேர்த்து 42,900 டாலர். ஓர் ஆசிரியருக்கு 21,450 தான் வருகிறது. அதற்குள் ஊதியமும் ஓய்வூதியப் பங்கும் மருத்துவக் காப்பீடும் அடங்க வேண்டும். நெரிசல் மிகுந்த பள்ளிக்கு மிகக் குறைவாகவும், ஏற்கெனவே வசதியாக இருந்த பள்ளிக்கு மிகுதியாகவும் கொடுத்த கணக்கு இது. காகிதத்தில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே தொகை. சமம் என்ற சொல் இதைவிடத் தந்திரமாகப் பயன்பட்ட இடம் அதிகமில்லை.

அறைகளின் கதையும் இதையே சொல்கிறது. புதிய வகுப்பறை ஒன்றுக்கு முதல் ஆண்டில் 25,000 டாலர் கட்டட உதவி கிடைத்தது. பெயர்த்து நிறுத்தும் அறைகள் விளையாட்டுத் திடல்களில் வரிசையாக முளைத்தன. திடலும் இல்லாத இடங்களில் நூலகமும் இசையறையும் கணினிக் கூடமும் வகுப்புகளாக மாறின. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களின் நெரிசலான பள்ளிகள் ஏற்கெனவே குழந்தைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து ஆண்டு முழுதும் சுழற்சி முறையில் நடத்திக்கொண்டிருந்தன. அறை இல்லாததால் அவை திட்டத்துக்குள் தாமதமாக நுழைந்தன. அவை நுழைந்தபோது நல்ல ஆசிரியர்களைப் புறநகர் மாவட்டங்கள் முன்பே எடுத்துக்கொண்டிருந்தன. நகரத்தின் ஏழைப் பள்ளிகளில் பழகித் தேர்ந்திருந்த ஆசிரியர்கள் சிலரும் அந்தப் புதிய இடங்களுக்கே போனார்கள்.

சில ஆண்டுகளுக்குள்ளேயே தொடக்க வகுப்பு ஆசிரியர் எண்ணிக்கை 46 விழுக்காடு உயர்ந்தது. அத்தனை பேரை எந்தப் பயிற்சிக் கல்லூரியாலும் அவ்வளவு விரைவில் உருவாக்க முடியாது. பட்டமும் அடிப்படைத் திறன் தேர்வில் தேர்ச்சியும் இருந்தால் அவசர அனுமதியின்பேரில் பாடம் நடத்தலாம் என்ற விதி கைகொடுத்தது. முழுத் தகுதிச் சான்று பெறாத ஆசிரியர்கள் திட்டத்துக்கு முன் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. 1997-98-இல் நூற்றுக்கு 12-ஐத் தாண்டினார்கள். வறுமை மிகுந்த பள்ளிகளில் அந்தப் பங்கு இன்னும் பல மடங்கு. டென்னசியில் யாருக்குச் சிறிய வகுப்பு மிகுந்த பயன் தந்ததோ, அதே வகைக் குழந்தைகளுக்குக் கலிபோர்னியாவில் சிறிய வகுப்போடு பயிற்சியில்லாத ஆசிரியரும் சேர்ந்து கிடைத்தார்.

பயன் எவ்வளவு என்று அளப்பதற்கும் கலிபோர்னியா வழிவைக்கவில்லை. மாநிலம் முழுவதற்குமான பொதுத்தேர்வு 1998-இல்தான் வந்தது, வகுப்புகளோ 1996-இலேயே சுருங்கிவிட்டன. முந்தைய நிலை என்று ஒப்பிட எதுவும் இல்லை, திட்டத்துக்கு வெளியே நின்ற பள்ளிகளும் மிகக் குறைவு. மாநிலம் அமர்த்திய ஆய்வுக் கூட்டமைப்பு 2002-இல் தந்த இறுதி அறிக்கை, தேர்ச்சி உயர்வுக்கும் வகுப்புச் சுருக்கத்துக்கும் உள்ள தொடர்பை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. பொருளியலாளர்கள் கிறிஸ்டோபர் ஜெப்சனும் ஸ்டீவன் ரிவ்கினும் வேறு வழியில் கணக்கிட்டார்கள். சிறிய வகுப்பு மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் கணக்கையும் வாசிப்பையும் உயர்த்தவே செய்தது, ஆனால் அனுபவமில்லாத, சான்றில்லாத ஆசிரியர்களின் வரவு அந்த உயர்வில் ஒரு பகுதியை, சில இடங்களில் முழுவதையுமே, விழுங்கிவிட்டது என்பது அவர்கள் கண்டது. இந்த முடிவைக் காட்டி வகுப்பைச் சுருக்குவது வீண் என்பாரும் உண்டு. ஒரு கையால் கொடுத்ததை மறு கை பிடுங்கிக்கொண்டது என்பதல்லவா அதன் பொருள்? கொடுத்தது வீண் என்று அதிலிருந்து எப்படி வரும்?

வேறு வழி இருந்தது என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். அதே 1996-இல் விஸ்கான்சின் மாநிலம் ‘சேஜ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வறுமை மிகுந்த மாவட்டங்களின் 30 பள்ளிகளில் மட்டும், முதல் ஆண்டில் மழலையர் வகுப்பும் ஒன்றாம் வகுப்பும், பிறகு ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மூன்றாம் வகுப்பு வரை. ஓர் ஆசிரியருக்கு 15 பேர். பணம் எல்லாக் குழந்தைகளின் தலைக்கும் இல்லை, வறிய குழந்தை ஒன்றுக்கு 2,000 டாலர் வரை. அறை போதாத பள்ளியில் 30 பேர் இருக்கும் ஒரே அறையில் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து கற்பிக்கவும் இடமிருந்தது. ஆசிரியர் பயிற்சியும் பாடத்திட்டச் சீரமைப்பும் நிபந்தனைகளாகச் சேர்ந்திருந்தன. பிரான்ஸ் 2017-இல் மிகவும் பின்தங்கிய பகுதிப் பள்ளிகளின் முதல் வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 12 பேராகப் பிரித்தபோதும் ஏழைப் பள்ளிகள் முதலில் என்ற இதே வரிசையைத்தான் பின்பற்றியது.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்-மாணவர் விகிதம் வேறு, வகுப்பின் அளவு வேறு. இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 40 குழந்தைகள் உள்ள பள்ளியில் விகிதம் கலிபோர்னியாவின் அதே 20 தான். ஆனால் அந்த இருவரும் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிறார்கள். கலிபோர்னியாவிலும் 20 என்ற எல்லைக்குள் அடங்குவதற்காக ஒன்றாம் வகுப்பின் மிச்சத்தையும் இரண்டாம் வகுப்பின் மிச்சத்தையும் ஒரே அறையில் சேர்த்த பள்ளிகள் இருந்தன. எண் சரியாக இருந்தது.

ஏழைப் பள்ளிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கும் நிதிக்கு அரசியலில் ஆயுள் குறைவு, எல்லோருக்கும் கிடைப்பதைத்தான் எல்லோரும் காப்பாற்றுவார்கள் என்றொரு மறுப்பு உண்டு. அதை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். கலிபோர்னியத் திட்டம் 13 ஆண்டுகள் அசையாமல் நின்றதற்கு நடுத்தர வர்க்கப் பெற்றோரின் பற்றும் ஒரு காரணம். ஆனால் எல்லோருக்கும் என்பதும் ஒரே நாளில் எல்லோருக்கும் என்பதும் ஒன்றல்ல. ஏழைப் பள்ளிகளுக்கு முதல் மூன்று ஆண்டுகள் முன்னுரிமை தந்து, தொகையைத் தலைக்கணக்கில் கொடுக்காமல் புதிதாக வேண்டிய ஆசிரியர் கணக்கில் கொடுத்திருந்தால், நல்ல ஆசிரியர்கள் நகரை விட்டுப் புறநகருக்குப் போவதற்கு முன்பே நகரப் பள்ளிகள் அவர்களை அமர்த்தியிருக்கும். புறநகர்ப் பெற்றோர் மூன்று ஆண்டு முணுமுணுத்திருப்பார்கள். அதைத் தாங்கும் அளவுக்கு நிதி மிகுந்திருந்த காலம் அது.

2009 நிதி நெருக்கடியில் அந்த மிகுதி போயிற்று. எல்லை மீறினாலும் மாவட்டம் இழப்பது அதிகபட்சம் 30 விழுக்காடு மானியம்தான் என்று விதி தளர்ந்தது. வகுப்புகள் மீண்டும் பெருத்தன. 2013-இல் ஆளுநர் ஜெரி பிரவுன் காலத்தில் வந்த புதிய நிதிமுறை தனி மானியத்தையே நீக்கி, தொடக்க வகுப்புகளுக்கு 10.4 விழுக்காடு கூடுதல் தொகையாக அதை மாற்றியது. இலக்கு 24 ஆயிற்று. அதையும் உள்ளூர்ப் பேச்சுவார்த்தையில் மாற்றிக்கொள்ளலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு மார்ச் 15-க்குள்ளும் வேலைநீக்க முன்னறிவிப்புகள் போயின. கடைசியாக வந்தவரை முதலில் நீக்கு என்பது அம்மாநிலச் சட்டத்தின் விதி. கடைசியாக வந்தவர்கள் மிகுதியாக இருந்ததோ, ஆசிரியரைத் தேடிக் கடைசியாகச் சந்தைக்கு வர நேர்ந்த அதே ஏழைப் பள்ளிகளில்.