ரமணன்: ஒரு பிரிவுப் பாடலும் அதன் திறனாய்வும்

காதலில் தோற்ற மலையாளக் கவிஞர் இடப்பள்ளி ராகவன் பிள்ளை 1936 சூலையில் கொல்லத்தில் தற்கொலை செய்துகொண்டார். தம் துயரத்தைத் தாமே மொழிந்த 'மணிநாதம்' அவரது இறுதிக் கவிதையாக நின்றது. அந்த இழப்பிலிருந்து அவருடைய நண்பர் சங்ஙம்புழை கிருஷ்ண பிள்ளை அதே ஆண்டில் எழுதிய 'ரமணன்', இடையர் வாழ்வைக் களமாக்கி இறந்தவருக்கு இரங்கும் முல்லைநிலக் கையறுநிலைப் பாடல் எனலாம். செல்வர் வீட்டுச் சந்திரிகை வேறொருவரை மணக்க இசைந்ததும் ரமணன் உயிர்விடுகிறான்.

வாசகர் அதை மனப்பாடமாகப் பாடினர். திறனாய்வாளரோ பிளவுபட்டனர்: மிகையுணர்ச்சி, வாழ்விலிருந்து தப்பியோடல் என்று சிலர் குறைகூற, ஜோசப் முண்டசேரி பிற்பதிப்பொன்றுக்கு விரிவான முன்னுரை எழுதி அதனை இலக்கிய ஆய்வுக்குரிய படைப்பாக எடுத்துக்கொண்டார். சந்திரிகையை வஞ்சகி என்று மட்டுமே படித்த வாசிப்பு நியாயமற்றது. அவளைத் தடுத்த செல்வ வேற்றுமையும் குடும்பக் கட்டாயமும் பாடலுக்குள்ளேயே இருக்கின்றன. கதையை இசையோடு மேடையில் சொல்லும் கதாபிரசங்கக் கலைஞர் கெடாமங்கலம் சதானந்தன் 'ரமணனை' ஊர்தோறும் கொண்டுசென்றார்.