மருந்து மரமும் டாடா இன்ஸ்டிட்யூட்டும்

குழந்தை நல ஆய்வுக்கு அறக்கொடை தந்தோர் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழு அன்பர்கள் பணித்ததும், ஒப்புரவறிதல் அதிகாரத்தைத்தான் புரட்டினேன். பெருந்தகையாளன் கைச்செல்வத்தை உறுப்பெல்லாம் மருந்தாகும் மரத்தோடு வள்ளுவர் ஒப்பிட்டதை இவ்வவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பரிமேலழகர் உரையின் நுட்பமே என்னை நிறுத்தியது. மருந்து மரமும் பயன்படாமல் போவதுண்டு என்கிறார் அவர். கொள்ளற்கரிய இடத்தில் நிற்கலாம், மறைந்து நிற்கலாம், காலத்தால் வேறுபடலாம். இக்குறைகள் இல்லாத மரமே உவமை.

வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 கட்டில் கொண்ட ஆதுலர் சாலையைக் கூறுகிறது. மருத்துவனுக்கும் அறுவை செய்வானுக்கும் மருந்து கொணர்வார்க்கும் நெல் அளந்திருக்கிறார்கள். இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. கல்வெட்டு வாசித்தே கண் மங்கிய எனக்கு இதைவிட இனிய பட்டியல் இல்லை. ஆனால் புது மருந்து தேடுவதற்கு அங்கே நிவந்தம் இல்லை. அவ்வறம் பிற்காலத்துக்கென்று காத்திருந்தது போலும்.

நம் பெங்களூரில் அதற்கு வித்திட்டவர் ஜம்சேத்ஜி டாடா. பம்பாய்ச் சொத்துகளை ஆய்வுக்கூடத்துக்கென ஒதுக்கியவர், 1904இல் மறைந்தார். கட்டடத்தைக் கண்ணால் காணவில்லை. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் தர, 1909இல் இந்திய அறிவியல் கழகம் எழுந்தது. ஊரார் வாயில் அது இன்றும் டாடா இன்ஸ்டிட்யூட்தான்.

அக்கழகத்தில் சி. துர்கா ராவ் ரோட்டா வைரஸை ஆராய்ந்தார். பச்சைக் குழந்தைகளை வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் வாட்டும் இச்சக்கர வடிவக் கிருமியை 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டறிந்தனர். பெங்களூரில் பிறந்த சில சிசுக்களின் உடலில் அக்கிருமி இருந்தும் அவை நோயுறவில்லை. ஆய்ந்தபோது அதன் 11 மரபுக்கூறுகளில் 9 மாட்டு வைரஸுடையவை, 2 மட்டுமே மனித வைரஸுடையவை என்று தெரிந்தது. ஐ321 என்று பெயரிட்டார்கள். கோமாதாவை வணங்கும் வீட்டில் பிறந்த நான் இதைப் படித்துச் சற்றே சிலிர்த்தேன், அறிவியலார் பொறுத்தருள்க.

தில்லியில் மகராஜ் கிஷன் பான் குழுவினர் கண்ட 116ஈ என்ற ரோட்டா வைரஸும் இதுவும் தடுப்பு மருந்தாக்க ஐதராபாத்தின் பாரத் பயோடெக்குக்குச் சென்றன. அரசு நிதியோடு கேட்ஸ் அறக்கட்டளையின் கொடையும் சேர்ந்தது. எட்டு வாரக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 116ஈ பெற்றோரில் 73 விழுக்காட்டினரிடமும் நம் ஊர்க் கிருமி பெற்றோரில் 39 விழுக்காட்டினரிடமுமே எதிர்ப்புச் சக்தி தோன்றியது. நம்முடையது அத்தோடு நின்றது. ஊர்ப்பற்றால் எனக்கு வருத்தம்தான். ஆயினும் இரண்டையும் சோதித்தறியாமல் எது மருந்து என்று எவர் சொல்லியிருக்க முடியும்? வேரும் பட்டையும் சோதிக்கப் பொருள் தந்தவன் கனிக்கு மட்டுமா கொடையாளி?

பின்னர் தில்லி, புணே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் நடந்த 116ஈ ஆய்வில், முதலாண்டில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்கும் மேல் குறைந்தது. அரசுகளுக்கு ஒரு டோஸ் ஒரு டாலர் என்று விலை வைத்தார்கள். பரிமேலழகர் சொன்ன எட்டாத இடத்திலிருந்து மரம் இறங்கியது இங்கேதான். அம்மருந்து 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்திலும் 2017இல் தமிழகத்திலும் வந்தது.

நம் மன்றத்து அன்பர்களே, அன்னதான நன்கொடைச் சீட்டில் குழந்தை மருத்துவ ஆய்வுக்கும் ஒரு வரி சேருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து தவறாமல் போட்டாயிற்றா என்று இன்றே மருமகளிடம் கேளுங்கள்.