எழுத்துத் தமிழில் நேரும் பிழைகள்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்

அன்றாடத் தேவைக்காக எழுதப்படும் மனு, ரசீது, கடைப் பலகை, சுவரொட்டி, கைப்பேசிச் செய்தி ஆகியவற்றில் எழுத்து மாறுவதாலும், சொற்கள் சேரும் முறை பிறழ்வதாலும், எழுவாயும் பயனிலையும் பொருந்தாததாலும் உண்டாகும் வழுக்கள் எழுத்துப் பிழைகள் என்றும் இலக்கணப் பிழைகள் என்றும் வழங்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் ஒரே ஒலியைப் பல எழுத்துகள் குறிப்பதும் ஒலிக்காத எழுத்துகள் சொல்லில் நிற்பதும் பிழைக்கு வழிவகுக்கின்றன. தமிழிலோ எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் இசைந்தே நிற்பதால், அவ்விசைவு பேச்சில் தளர்ந்துவிட்ட இடங்களில்தான் பிழைகள் குவிகின்றன.

அவற்றுள் முதலாவது மயங்கொலிப் பிழை. ஒத்த ஒலியுடைய ல, ள, ழ என்பனவும், ர, ற என்பனவும், ந, ன, ண என்பனவும் ஒன்றுக்கொன்று மாறி எழுதப்படுவதை இச்சொல் குறிக்கும். பேச்சில் ழகரம் பலரிடம் ளகரமாகவே ஒலிப்பதாலும், ரகர றகர வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டதாலும், காதை மட்டும் நம்பி எழுதுபவர் தவறுவது இயல்பு. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி, பறவைகள் சரணாலயமாக அறியப்பட்டது. அதைப் ‘பரவைகள் சரணாலயம்’ என்று எழுதினால், பரவை என்பது கடலையும் பரப்பையும் குறிக்கும் சொல்லாதலால், பொருளே மாறிவிடும். மக்காச்சோள மூட்டைகளுக்கு எழுதப்படும் ரசீதில் ‘முன்னூறு’ என்று காணப்படுவதும் இவ்வகையே. மூன்று, நூறு என்னும் இரு சொற்களும் சேர்ந்து முந்நூறு ஆகின்றன. நூறு என்பதன் நகரமே இரட்டித்து நிற்கிறது என்று கண்டுகொண்டவர் ஐந்நூறு என்பதையும் பிழையின்றி எழுதிவிடுவார்.

திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கென எழுதப்படும் மனுக்களில் ‘அனுப்புனர்’, ‘பெறுனர்’ என்று எழுதுவது பெருவழக்கு. செய்பவரைக் குறிக்க வினையோடு சேரும் விகுதி ‘நர்’ என்பதால், அனுப்புநர், பெறுநர், ஓட்டுநர் என்பனவே திருத்தமான வடிவங்கள். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் கைப்பேசி முறை இம்மயக்கத்தை மேலும் பெருக்கியிருக்கிறது. ஒரே விசைக்கு மூன்று தமிழ் எழுத்துகள் காத்திருக்கையில், முதலில் தோன்றும் சொல்லே செய்தியில் நிலைத்துவிடுகிறது.

இரண்டாவதும் சிக்கல் மிகுந்ததுமான வகை ஒற்றுப் பிழை. இரு சொற்கள் சேர்வது புணர்ச்சி எனப்படும். அப்போது வருஞ்சொல்லின் முதலில் உள்ள க, ச, த, ப என்னும் வல்லின எழுத்துக்கு உரிய மெய்யெழுத்து இடையில் தோன்றுவதே வல்லினம் மிகுதல். இப்பகுதியின் விளைபொருள்களும் கனிமமுமே இதற்குப் போதிய சான்று தருகின்றன: மக்காச்சோளம், முந்திரிக்கொட்டை, சுண்ணாம்புக்கல் என்னும் மூன்றிலும் ஒற்று இன்றியமையாதது. இதை வெறும் அலங்காரமாகக் கருதுவது தவறு. ‘தயிர் கடை’ என்பது தயிரைக் கடையும்படி ஏவுகிறது. ‘தயிர்க்கடை’ என்பது தயிர் விற்கும் கடையைக் குறிக்கிறது. ஒரு புள்ளியெழுத்து ஏவலைப் பெயராக்கிவிடுகிறது.

ஒற்றை விடுவதற்கு அஞ்சி, வேண்டாத இடத்திலும் இடுவது இதன் மறுபக்கம். கங்கைகொண்ட சோழபுரம் என்னும் பெயரில் ‘கொண்ட’ என்பது பெயரெச்சம், அதாவது ஒரு பெயரைக் கொண்டு முடியும் முற்றுப்பெறாத வினை. பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது என்பதால் ‘கங்கைகொண்டச் சோழபுரம்’ என்று எழுதுதல் பிழை. ஊர்ப்பெயரை அடுத்து ஒற்று மிகுவது பழைய முறை. அதன்படி பெரம்பலூர் மாவட்டத்துக் கல்மரத்தைச் ‘சாத்தனூர்க் கல்மரம்’ என்றே எழுத வேண்டும். இக்கால எழுத்தில் இவ்வொற்று பெரும்பாலும் விடப்படுகிறது; பொருள் மயங்காத இத்தகைய இடங்களில் அதைப் பெருங்குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை.

‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்பது ஒப்புமையால் பிறந்த பிழை. கிணறு கிணற்றில் என்றும், வயிறு வயிற்றில் என்றும் ஆவதைப் பின்பற்றிச் சுவரும் அவ்வாறே திரிக்கப்படுகிறது. முன்னவை ‘று’ என முடிபவை. சுவர் என்பது ரகர மெய்யில் முடிவதால் ‘சுவரில்’ என்றே ஆகும். ‘பறவைகள் வருகிறது’, ‘ஒவ்வொரு பயனாளிகளும்’ என்னும் ஒருமை பன்மை வழுக்களை எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்தாலே களைந்துவிடலாம்.

எழுத்து மயக்கத்தைக் களையும் முயற்சியில் இவ்வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றினார். அவ்வூரே அவருடைய திருக்காவலூர்க் கலம்பகத்துக்குரிய திருக்காவலூர். பழைய முறையில் எகர ஒகரக் குறில்கள் மேலே புள்ளி பெற்றன. ஓலையில் எழுதுவோர் புள்ளியிடாது விட்டதால், குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே தோன்றின. ஏகார ஓகார நெடில்களுக்கும், அவை ஏறிய உயிர்மெய்களுக்கும் தனி வடிவம் அமைத்து இம்மயக்கத்தைத் தீர்த்தவர் அவரே என்பர். தொன்னூல் விளக்கம் (1730), சதுரகராதி (1732) ஆகியவற்றை இயற்றிய அவர், பேச்சுத் தமிழுக்கும் இலத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். பேச்சையும் எழுத்தையும் தனித்தனியே விளக்கும் அந்த அணுகுமுறை பிழை திருத்துவோருக்கு இன்றும் பயன்படத்தக்கது.

உ.வே.சாமிநாதையர் (1855–1942) இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து தமிழ் பயின்றார். அரியலூரில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் சடகோபையங்கார். ரகரமும் காலும் ஒரே வடிவில் நின்ற, புள்ளியற்ற ஏடுகளைப் பின்னாளில் ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அவருடைய உழைப்பில் பெரும்பகுதி, எது எழுதியவரின் பிழை, எது நூலாசிரியரின் பாடம் என்று பிரித்தறிவதாகவே இருந்தது.

எல்லா வேறுபாடும் பிழையாகாது. ‘வாழ்த்துகள்’ என்பதே சரியென்று பலர் வலியுறுத்த, ‘வாழ்த்துக்கள்’ என்பதற்கும் சான்று காட்டுவோர் உள்ளனர். ஊர்ப்பெயர்களிலும் இந்நிலை உண்டு. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் ‘அரியிலூர்’ என்று எழுதிய ஊரே, இன்றைய அரசு ஆவணங்களிலும் மக்கள் வழக்கிலும் அரியலூராக நிலைபெற்றுள்ளது.